தகுதி வேறு, மதிப்பு வேறு: தேவனுடைய அன்பில் சுயமதிப்பைக் கண்டடைய 30 நாள் பயிற்சி

"ஆண்டவரே, நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று ஜெபிப்பது பலருக்குப் பழகிப்போன ஒன்று. தாழ்மை என்று நம்பித்தான் அப்படிச் சொல்கிறோம். ஆனால் தாழ்மைக்கும் தாழ்வு மனப்பான்மைக்கும் பெயரளவில்தான் உறவு. தாழ்மை தேவனைப் பார்த்துத் தலைவணங்கும். தாழ்வு மனப்பான்மை பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் கூனிக்குறுகும். மனத்தாழ்மையுள்ள இயேசுவிடம் வருகிறவர்களுக்கு இளைப்பாறுதல் உண்டு என்கிறது மத்தேயு 11:29. தாழ்வு மனப்பான்மையில் இளைப்பாறின ஒருவரைக்கூடப் பார்க்க முடியாது.

தகுதியையும் மதிப்பையும் ஒன்றென்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. தகுதி நாம் சம்பாதிப்பது. மதிப்பு இன்னொருவர் நம்மேல் வைப்பது. 'மதிப்பு வைத்திருக்கிறார்', 'அன்பு வைத்திருக்கிறார்' என்றுதானே பேசுகிறோம். ரோமர் 5:8-ம் "தேவன் நம்மேல் வைத்த தமது அன்பை" என்றுதான் சொல்கிறது. அவர் அதை வைத்தபோது நாம் எப்படி இருந்தோம் என்பதும் அதே வசனத்தில் இருக்கிறது: "பாவிகளாயிருக்கையில்."

லூக்கா 15-ல் இயேசு சொன்ன கதையில், தகப்பனிடம் பங்கை வாங்கிப்போய் அழித்த இளைய மகன் வீடு திரும்புமுன் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கிறான். அதில் மூன்று வரிகள்: பாவஞ்செய்தேன், உம்முடைய குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரன் அல்ல, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் (18, 19). 21-ம் வசனத்தில் அவன் நேரில் பேசும்போது முதல் இரண்டு வரிகள்தான் வருகின்றன. மூன்றாவதைச் சொல்லுமுன் தகப்பன் ஊழியக்காரரைக் கூப்பிட்டு வஸ்திரம், மோதிரம், பாதரட்சை கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். "இல்லை மகனே, நீ பாத்திரன்தான்" என்று அவர் மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தகுதியைப் பற்றி அவன் சொன்னது உண்மை, அது அப்படியே நிற்கிறது. கூலிக்காரன் என்ற வார்த்தைக்குத்தான் அந்த வீட்டில் இடமில்லாமல் போகிறது.

இந்தப் பயிற்சி முழுக்க இந்த ஒரு வேறுபாட்டைத்தான் தலையிலிருந்து நெஞ்சுக்கு இறக்குகிறது. தேவையானவை: வேதாகமம், ஒரு நோட்டு, ஒரு பேனா, தினமும் 15 நிமிடம். போனில் உள்ள வேதம் வேண்டாம். ஓர் அறிவிப்பு வந்தால் போதும், 15 நிமிடமும் போய்விடும்.

முதல் 7 நாள்: வாக்கியத்தைப் பிடியுங்கள்

இந்த வாரம் வசனம் தேட வேண்டாம். வழக்கமான ஜெபமும் வாசிப்பும் இருக்கட்டும். மனம் சட்டென்று சுருங்கும் ஒவ்வொரு முறையும் நாள், நேரம், நடந்தது, உள்ளே ஓடிய வாக்கியம் என்ற நான்கையும் எழுதிவையுங்கள். "மனசு சரியில்லை" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. வாக்கியம் சொல்லுக்குச் சொல் வேண்டும். இப்படி:

"செவ்வாய், மாலை 6. கூட்டத்தில் நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. 'நீ இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.'"

எழுதும்போதே அந்த வாக்கியத்தோடு வாதாடாதீர்கள், திருத்தாதீர்கள். மாலையில் மொத்தமாக எழுதலாம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். மாலைக்குள் மனம் அதற்கு நாகரிகமான உடை போட்டுவிடும், கூர்மை போய்விடும்.

ஏழாம் நாள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். நிகழ்ச்சிகள் வேறு வேறாக இருந்தாலும் வாக்கியங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்றுக்குள் அடங்கும். அதிகம் திரும்ப வந்ததை அடிக்கோடிடுங்கள். அது 'நான்' என்று தொடங்குகிறதா, 'நீ' என்று தொடங்குகிறதா என்றும் பாருங்கள். 'நீ' என்று பேசினால், பல சமயம் வெளியிலிருந்து யாரோ ஒருவர் முதலில் சொன்னதாக இருக்கும். ஒரு பெற்றோர், ஓர் ஆசிரியர், உறவை முறித்துக்கொண்டு போன ஒருவர். குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டாலே, அது தேவனுடைய குரல் அல்ல என்று பிரித்துப் பார்க்க முடியும்.

8, 9-ம் நாள்: மூன்றில் எது?

அடிக்கோடிட்ட வாக்கியம் ஒரு பாவத்தைப் பற்றியதா, உங்கள் அளவைப் பற்றியதா, உங்களுக்கு நேர்ந்த ஒரு காயத்தைப் பற்றியதா என்று கேளுங்கள். பலருக்குப் பயிற்சி தோற்பது இந்த இடத்தில்தான். மூன்றுக்கும் மருந்து வேறு.

பாவமென்றால் அறிக்கை. "நான் பொய்க்காரன்" என்ற வாக்கியத்துக்குப் பின்னால் இன்னாரிடம் இன்ன பொய் சொன்னேன் என்ற உண்மை இருந்தால், ஆறுதல் வசனம் அதன்மேல் ஒட்டாது. சம்பவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். 1 யோவான் 1:9 அதற்கான வாக்கு. சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்யுங்கள். தேதியை எழுதுங்கள். அதே பாவம் மறுபடியும் மனதைக் குத்தினால் மீண்டும் அறிக்கையிட வேண்டாம், அந்தத் தேதியைக் காட்டி நன்றி சொல்லுங்கள். 2 கொரிந்தியர் 7:10 இரண்டு துக்கங்களைப் பிரிக்கிறது. தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலில் கொண்டுபோய் விடும். லௌகிக துக்கம் மரணத்தை உண்டாக்கும். நடைமுறையில் அடையாளம் இதுதான்: முதலாவது "இதைச் செய்தாய்" என்று செயலைச் சுட்டும், போவதற்கு ஒரு வழி காட்டும். இரண்டாவது "நீயே இப்படித்தான்" என்று ஆளைச் சுட்டும், வழி எதுவும் காட்டாது.

அளவு என்றால், குரல் சுமார், நினைவாற்றல் குறைவு, உடலில் பலவீனம் போன்றவை. இதை அறிக்கையிடுவது தவறு, ஏனென்றால் இது பாவமே அல்ல. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டுக் கேட்டே சோர்ந்துபோனவர்கள் உண்டு. "நான் மனுஷன்" என்று ஒத்துக்கொள்வதுதான் இதற்கு மருந்து. நாம் மண்ணென்று அவர் நினைவுகூருகிறார் என்கிறது சங்கீதம் 103:14. அவர் நினைவில் வைத்திருப்பதை நாம்தான் மறந்துவிடுகிறோம்.

காயமென்றால் புலம்பல். அதற்குத் தனியாக வருகிறேன்.

10 முதல் 30-ம் நாள்: ஒரே வசனம்

இருபத்தொரு நாளும் ஒரே வசனம். தினம் ஒரு வாக்குத்தத்தம் என்று தாவினால், எதுவும் அந்தப் பழைய வாக்கியத்தின் ஆழத்துக்கு இறங்காது. அது பல வருடம் திரும்பத் திரும்பக் கேட்டு வேர்விட்டது, அதற்கு எதிரான வார்த்தையும் திரும்பத் திரும்பத்தான் வர வேண்டும். உங்கள் வாக்கியத்துக்கு நேர் பதில் சொல்லும் வசனத்தைத் தேர்ந்தெடுங்கள். "என்னை மறந்துவிட்டார்கள்" என்பதற்கு ஏசாயா 49:15, 16. "நான் அழகில்லை" என்பதற்கு சங்கீதம் 139:14. "கெட்டுப்போனவன்" என்பதற்கு ரோமர் 8:1. "எதையும் சாதிக்கவில்லை" என்பதற்கு மத்தேயு 3:17. இயேசு ஓர் அற்புதமும் செய்யுமுன், ஒரு பிரசங்கமும் பண்ணுமுன் அவரைக் குறித்து வானத்திலிருந்து வந்த வார்த்தை அது: "இவர் என்னுடைய நேசகுமாரன்."

"நான் கணக்கிலேயே இல்லை" என்பவர்களுக்கு லூக்கா 12:6, 7. ஒரு வசனத்தை எவ்வளவு கிட்டே போய்ப் பார்க்கலாம் என்பதற்கு இதையே எடுத்துக்கொள்வோம். மத்தேயு 10:29-ன்படி ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகள். அப்படியானால் இரண்டு காசுக்கு நான்கு. ஆனால் லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. ஐந்தாவது குருவி கொசுறு. காசும் பெரிய காசல்ல; ஒரு நாள் கூலியான தெனாரியத்தில் 16-ல் ஒரு பங்கு. விலைப்பட்டியலில்கூட இடம் பிடிக்காத அந்த ஐந்தாவதையும் சேர்த்துத்தான் இயேசு "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை" என்கிறார். சந்தை அதற்கு விலை வைக்கவில்லை, தேவன் அதை நினைவில் வைத்தார். கொசுறாக நடத்தப்பட்டவர்கள் இந்த ஐந்தாவது குருவியோடு நிறைய நேரம் உட்காரலாம்.

15 நிமிடத்தை இப்படிப் பங்கிடுங்கள். முதல் 5 நிமிடம் வசனத்தை வாய்விட்டு மெதுவாக மூன்று முறை வாசியுங்கள். அடுத்த 5 நிமிடம் கையால் ஒருமுறை எழுதி, அதன் கீழே இன்று கண்ணில் பட்ட ஒரே ஒரு சொல்லைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். கடைசி 5 நிமிடம் எதையும் கேட்காமல் அமைதியாக இருங்கள். செப்பனியா 3:17-ல் தேவனே "தம்முடைய அன்பினிமித்தம் அமர்ந்திருப்பார்" என்று இருக்கிறது, நாமும் சற்று அமர்ந்திருக்கலாம். காலையில் போனைத் தொடுமுன் செய்வது நல்லது. முடியாதவர்கள் எந்த நேரமானாலும் ஒரே நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மடங்கு செய்ய வேண்டாம். ஈடுகட்டத் தொடங்கிய கணமே கூலிக்காரன் திரும்பி வந்துவிடுவான்.

வசனத்தில் உங்கள் பெயரைப் போட்டு வாசிக்கும் பழக்கம் நல்லதுதான். ஆனால் முதல் இரண்டு நாள் அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்து, அது முதலில் யாருக்குச் சொல்லப்பட்டது என்று தெரிந்துகொண்டு போடுங்கள். ஏசாயா 43:4-ல் "நீ என் பார்வைக்கு அருமையானபடியினால்" என்று கேட்டவர்கள் யார்? அதே அதிகாரத்தின் 22 முதல் 24 வரை, என்னை நோக்கிக் கூப்பிடவில்லை, உன் அக்கிரமங்களினால் என்னை வருத்தப்படுத்தினாய் என்று கடிந்துகொள்ளப்பட்டவர்கள். 25-ல் அவர்களையே "என் நிமித்தமாகவே" மன்னிப்பேன் என்கிறார். அருமையானவர்கள் என்று சொன்னவர் தகுதியானவர்கள் என்று சொல்லவில்லை. முழு அதிகாரமும் தெரிந்தவருக்கு, தான் தவறிய நாளிலும் 4-ம் வசனம் தாங்கும். அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டவருக்குத் தாங்காது.

பகலில் பழைய வாக்கியம் எழும்பினால் அதைச் சத்தமாக அதட்டி அடக்கப் பார்க்காதீர்கள். சங்கீதம் 42-ஐ எழுதியவர் தன் ஆத்துமாவைக் கேள்வி கேட்கிறார்: "நீ ஏன் கலங்குகிறாய்?" சங்கீதம் 42:5, 42:11, 43:5 என்று மூன்று இடத்தில் அதே கேள்வி. ஒருமுறை சொன்னதும் சரியாகிவிடவில்லை என்று அர்த்தம். உங்கள் உள்ளத்தையும் அப்படியே கேளுங்கள்: "இதை உனக்குச் சொன்னது யார்? தேவன் வேறு என்ன சொல்லியிருக்கிறார்?" பிறகு வசனத்தை ஒருமுறை சொல்லிவிட்டுக் கையிலுள்ள வேலைக்குத் திரும்புங்கள்.

காயத்துக்குப் புலம்பல்

மற்றவர்களால் மதிப்பிழந்தவர்கள் நேராக ஸ்தோத்திரத்துக்குத் தாவினால் காயம் உள்ளே சீழ்பிடிக்கும். வேதம் அப்படித் தாவச் சொல்வதில்லை. சங்கீதம் 13-ஐ அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆறே வசனங்கள். 1, 2-ல் முறையீடு, "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறார். 3, 4-ல் விண்ணப்பம். 5, 6-ல் நம்பிக்கை. வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் எடுத்து, இதே அமைப்பில் உங்கள் சொந்த ஜெபத்தை எழுதுங்கள். முறையீட்டில் யார், என்ன செய்தார், நீங்கள் எதை இழந்தீர்கள் என்று மழுப்பாமல் எழுதுங்கள். கடைசிப் பகுதி வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது, அதையும் தேவன் தம் புத்தகத்தில் வைத்திருக்கிறார்.

'பிதா' என்ற சொல்லே சிலருக்கு வலிக்கும். அடித்த தகப்பன், விட்டுப்போன தகப்பன் நினைவுக்கு வருவார். அவர்கள் அந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்தக் கூடாது. ஏசாயா 49:15-ல் பாலகனை மறவாத தாய், சங்கீதம் 23-ல் மேய்ப்பர், ஆதியாகமம் 16:13-ல் வனாந்தரத்தில் ஆகார் அழைத்த 'என்னைக் காண்கிற தேவன்', இவற்றில் ஒன்றிலிருந்து தொடங்கலாம். நல்ல தகப்பன் எப்படி இருப்பார் என்பதைப் பிறகு லூக்கா 15 மெல்லக் கற்றுத்தரும்.

தவறாக எடுத்தாளப்படும் இரண்டு வசனங்கள்

"எங்களுடைய நீதிகளெல்லாம் அழுக்கான கந்தை" என்ற ஏசாயா 64:6, நாமே கந்தை என்று சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். கந்தை என்றது நம் நீதிகளை. இரண்டு வசனம் தாண்டி, 8-ல் நம்மைப் பற்றிச் சொல்வது "உமது கரத்தின் கிரியை". "அப்பிரயோஜனமான ஊழியக்காரர்" என்ற லூக்கா 17:10 கடமையைச் செய்தவர்கள் சொல்வது. செய்த வேலையால் தேவனை நமக்குக் கடனாளியாக்க முடியாது என்பதே அதன் பொருள். இரண்டும் தகுதியைப் பற்றியவை. மதிப்பை அவை தொடவே இல்லை.

ஒரு மனிதர் வேண்டும்

மூன்றாவது வாரத்துக்குள் அந்த வாக்கியத்தை ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். போதகர், பங்குத்தந்தை, முதிர்ந்த ஒரு விசுவாசி, யாராகவும் இருக்கலாம். உங்கள் ரகசியத்தை ஜெபக்குறிப்பு என்ற பெயரில் பரப்பாதவராக இருக்க வேண்டும். மற்றவர்களின் ரகசியங்களை உங்களிடம் சொல்கிறவர் உங்களுடையதையும் சொல்லுவார். கேட்க வேண்டியதையும் தெளிவாகக் கேளுங்கள்: "ஆலோசனை வேண்டாம். இதைக் கேளுங்கள், பிறகு இந்த வசனத்தை என் பெயரைச் சொல்லி எனக்கு வாசியுங்கள்." தன் வாயால் தனக்கே சொல்லும்போது சந்தேகம் வரும். இன்னொருவர் முகம் பார்த்துச் சொல்லும்போது அது வேறு விதமாக இறங்கும்.

ஊழியம் கூலியாகும்போது

சபையில் மதிப்பைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஊழியத்தில் போய் விழுகிறார்கள். பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம், எல்லாவற்றிலும் முன்னால் நிற்பார்கள். யாரும் பாராட்டாத ஒரு வாரத்தில் உடைந்துபோவார்கள். லூக்கா 15-ல் வீட்டிலேயே இருந்த மூத்த மகனின் பேச்சு இதுதான்: "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து." வீட்டைவிட்டுப் போகாமலே அவனும் கூலிக்காரனாக வாழ்ந்திருக்கிறான். தகப்பனோ "எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்கிறார். உங்களைச் சோதித்துக்கொள்ள வாரத்துக்கு ஒரு நற்செயலை யாருக்கும் தெரியாமல் செய்யுங்கள் (மத்தேயு 6:3, 4), வெளியே சொல்லவே கூடாது. சொல்லாமல் இருப்பது எவ்வளவு கடினமாக இருக்கிறதோ, அவ்வளவு கூலி எதிர்பார்த்திருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். அதை உணர்ந்ததும் உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம், 10-ம் நாளின் வசனத்துக்குத் திரும்புங்கள்.

ஒப்பிடுதலுக்கு யோவான் 21:22 போதும். இன்னொரு சீஷனைக் காட்டி "இவன் காரியம் என்ன" என்ற பேதுருவுக்கு வந்த பதில்: "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா."

ஒன்றும் உணரவில்லையென்றால்

இரண்டாவது வாரத்தில் வறட்சி வருவது சகஜம். உணர்வு வந்ததா என்று தினமும் சோதிப்பது, நட்ட விதையைத் தினமும் தோண்டிப் பார்ப்பது போல. மத்தேயு 3-ன் கடைசி வசனத்தில் வானத்திலிருந்து வந்த வார்த்தை "நேசகுமாரன்". அடுத்த அதிகாரத்தின் மூன்றாம் வசனத்தில் சோதனைக்காரன் சொல்வது "நீர் தேவனுடைய குமாரனேயானால்". 'நேச' என்ற சொல் அங்கே காணாமல் போயிருக்கிறது. பசித்த வயிற்றோடு வனாந்தரத்தில் நின்ற இயேசு, புதிதாய் ஓர் உணர்வு வரும்வரை காத்திருக்கவில்லை. எழுதியிருக்கிற வார்த்தையைச் சொன்னார். வறண்ட நாளில் உங்கள் வேலையும் அவ்வளவே: வாசியுங்கள், எழுதுங்கள், மூடிவையுங்கள்.

ஆனால் எல்லா வறட்சியும் ஆவிக்குரியது அல்ல. 1 இராஜாக்கள் 19-ல் எலியா தீர்க்கதரிசி சாக விரும்பி, "நான் என் பிதாக்களைப்பார்க்கிலும் நல்லவன் அல்ல" என்கிறார். தேவன் உடனே போதனை செய்யவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. பேச்சு அதற்குப் பிறகுதான். தூக்கமும் சாப்பாடும் குலைந்து, எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவல்ல. செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் 30 நாள் கணக்கெல்லாம் வேண்டாம். அன்றே, அப்போதே ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருப்பவர்களும் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். அடியைச் சகித்துக்கொண்டே இருப்பதுதான் சிலுவை சுமப்பது என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம்.

30-ம் நாள்

முதல் வாரப் பக்கங்களைத் திறந்து வாசியுங்கள். அந்த வாக்கியம் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கும், அதை வைத்துத் தோற்றுவிட்டதாக முடிவெடுக்காதீர்கள். பார்க்க வேண்டியவை வேறு. வந்தால் எவ்வளவு நேரம் தங்குகிறது, முழு நாளா, ஒரு மணி நேரமா? வந்ததும் நீங்கள் எங்கே போகிறீர்கள், தனிமைக்கா, வசனத்துக்கா? யாராவது திருத்தினால் "சரி, மாற்றிக்கொள்கிறேன்" என்று சொல்ல முடிகிறதா? பாராட்டினால் "இல்லை, அப்படியெல்லாம் இல்லை" என்று தள்ளாமல் நன்றி சொல்ல முடிகிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி பதில் எழுதி, தேதி போடுங்கள். முதல் வாரத்தில் அடிக்கோடிடாமல் விட்ட இரண்டாவது வாக்கியம் அதே நோட்டில் இருக்கும். ஒரு வாரம் இடைவெளி விட்டு, அதற்குரிய வசனத்தோடு புதிய பக்கத்தைத் தொடங்குங்கள்.